புகார் வராத மலை

ஏற்காட்டில் திருடனைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. மலையை விட்டு வண்டி இறங்கச் சாலை இரண்டுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் வழியாகச் சேலம் போவது ஒன்று. கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டினம் பக்கம் இறங்குவது இன்னொன்று. ஒற்றையடிப் பாதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் இறங்குகிறவனை மாடு மேய்க்கப் போனவரோ விறகு பொறுக்கப் போனவளோ பார்க்காமல் இருக்க மாட்டார்கள். முதல் பஸ் கண்டக்டரிடமும் கடைசி பஸ் கண்டக்டரிடமும் பேச்சுக் கொடுத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பொருளைப் பறிகொடுத்தவர், அடி வாங்கியவர், புருஷனைச் சாகக் கொடுத்தவர் என்று யாராவது ஸ்டேஷன் படியேறி வாய் திறந்தால்தானே வழக்கு? அந்த ஆள் வரமாட்டார். சேர்வராயன் மலையில் நான் பார்த்த போலீஸ் வேலையில் பெரும்பங்கு, வராத புகாரைத் தேடிப் போன வேலைதான்.

1970களின் கடைசியில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். பத்து வருஷத்தில் முதல்நிலைக் காவலர், அதற்கு மேல் ஐந்து வருஷத்தில் ஏட்டு, மொத்தம் இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று பின்னாளில் ஒரு கணக்கு வந்தது. அந்தப் படிகளில் ஏறித்தான் ஓய்வு பெற்றேன். நடுவே சமவெளி ஸ்டேஷன்களிலும் இருந்திருக்கிறேன். மலைக்கு மாற்றல் என்றால் குளிரையும் பனிமூட்டத்தையும் பிள்ளைகள் படிப்பையும் சொல்லி மற்றவர்கள் நழுவுவார்கள். எனக்கு மலை பிடித்திருந்தது. அதனால் திரும்பத் திரும்ப எனக்கே கிடைத்தது.

அன்றைய ஸ்டேஷனில் வாசலில் பாரா ஒருவர் நிற்பார். உள்ளே ரைட்டர் பொது நாட்குறிப்பு எழுதுவார். கோர்ட் கான்ஸ்டபிள் விடியற்காலை பஸ்ஸில் சேலம் இறங்கிவிடுவார். மிச்சமிருப்பவர்கள் மலை முழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரியும் லேடீஸ் சீட்டும் ஒண்டிக்கடையும்தான். அந்த வட்டத்துக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள் இருக்கின்றன. பல ஊர்களுக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. மாரமங்கலம் பக்கம் ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டு வர ஒரு பகல் போய்விடும்.

ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு ஆளின் ஒரு நாளா என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கோ அந்த நடையில்தான் சேதி கிடைத்தது. சம்மனைக் கொடுத்ததும் கிளம்பிவிடக் கூடாது. திண்ணையில் உட்கார வேண்டும். கொடுத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். சாமை விளைச்சல் எப்படி, மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். எழுந்து கிளம்பும்போதுதான் யாராவது பத்தடி கூட நடந்து வந்து, “ஏட்டய்யா, மேல்காட்டு வீட்டுப் பொம்பள பத்து நாளா தண்ணிக்கு வரல, அந்தப் பக்கமாவே போயிட்டுப் போங்க” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இராது. அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை நடையும்.

மலை மக்கள் ஸ்டேஷனுக்கு வராததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. மலையாளிகள் என்ற பெயருள்ள இந்தப் பழங்குடித் தமிழர்களுக்குப் போலீஸ் வருவதற்கு முன்பே சொந்தமாக ஒரு நியாய ஏற்பாடு இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோர் கதையைச் சொல்வார்கள். பல ஊர்கள் சேர்ந்த ‘நாட்டு’க்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஒரு மூப்பன். வேலித் தகராறு, மாடு மேய்ந்த நஷ்டம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரே ராத்திரிக் கூட்டத்தில் முடியும். ஸ்டேஷன் கணக்கு வேறு. புகார் கொடுக்க ஒரு நாள், விசாரணைக்கு ஒரு நாள், அப்புறம் சேலம் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக எத்தனை நாளோ. ஒவ்வொரு நாளும் பஸ் கூலியும் போகும், அன்றைய சம்பளமும் போகும். சாட்சி சொல்ல வந்தவருக்கும் அதே கதி. இரண்டாவது வாய்தாவில் சாட்சி மறந்துபோய்விடுவார். அவரைப் பிறழ் சாட்சி என்று எழுதுவார்கள். அவர் இழந்த கூலியை யாரும் எழுதுவதில்லை.

சமவெளிக் குற்றத்துக்கு மாதம் கிடையாது. மலைக் குற்றத்துக்கு உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தது முதல் மலையின் வருஷம் அந்தச் செடியோடுதான் நகர்கிறது. நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கும். பிப்ரவரி வரை பறிப்பு, பல்ப்பர் ஓட்டம், களத்தில் காய வைப்பது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகு அதையொட்டி வரும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவும் கோடை விழாவும். எந்த மாதம் எது கையில் காசாகும் என்று தெரிந்த காவலருக்கு அந்த மாதம் எது காணாமல் போகும் என்பதும் தெரியும்.

ஆனால் நான் சேர்ந்த காலத்தில் காப்பித் திருட்டு என்று ஸ்டேஷனில் அதிகம் வழக்கு இராது. திருட்டு இல்லாமல் இல்லை. அப்போது காப்பிச் சட்டத்தின்படி விளைந்ததை எல்லாம் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளியே விற்கக் கூடாது. பணம் தவணை தவணையாக வரும். ஆகவே கொஞ்சம் கொட்டையைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வெளியில் தள்ளுகிறவர்கள் இருந்தார்கள்.

ஒரு டிசம்பர் இரவு மலைப்பாதையில் ரோந்து போனபோது ஒரு ஜீப்பை மடக்கினோம். பின்னால் தார்ப்பாயின் கீழ் காப்பி மூட்டைகள். டிரைவர் இரண்டு கேள்வியிலேயே இன்ன எஸ்டேட்டில் எடுத்தோம் என்று சொல்லிவிட்டான். காலையில் அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். பொறுப்பாளர் ஸ்டோர் பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்து, “எங்ககிட்ட ஒரு மூட்டையும் குறையலீங்க” என்றார். பதிவேட்டில் குறையவில்லைதான். திருடன் கையில், பொருள் கையில், சொந்தக்காரர் மட்டும் இல்லை! திருட்டுச் சொத்து என்ற சந்தேகத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41, 102 பிரிவுகளைப் போட்டுக் கோர்ட்டில் ஒப்படைத்தோம். கணக்கில் இல்லாத மூட்டை திருடு போனால் அதற்குப் புகார் எங்கிருந்து வரும்?

1990களின் தொடக்கத்தில் பொதுத் தொகுப்பு முறையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். விளைவித்தவரே விற்கலாம் என்று ஆனது. 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பி கருகியதும் உலகச் சந்தையில் விலை எகிறியது. எங்கேயோ விழுந்த பனி எங்கள் ஸ்டேஷன் வரை வந்தது. அதுவரை வாய் திறக்காதவர்கள் மூட்டை எண்ணிக்கையோடு, எடையோடு புகார் எழுதிக்கொண்டு வந்தார்கள். களத்துக்கு இரவுக் காவல் வேண்டும், பட்டா புத்தகம் வைக்கிறோம், தினமும் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அந்த வருஷங்களில் மலையில் திருட்டு பெருகிவிட்டது என்று மேலே அறிக்கை போனது. கொஞ்சம் கூடியிருக்கலாம். மிச்சம், முன்பு சொல்ல முடியாமல் இருந்ததை இப்போது சொல்ல முடிந்ததால் வந்தது.

மிளகு வழக்கு இன்னொரு மாதிரி. ஒரு வியாபாரி முத்திரைத்தாளோடு வந்தார். ஒரு மலை விவசாயியின் தோட்டத்து மிளகை மரத்தோடு வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டாராம். இப்போது அந்த விவசாயி ராத்திரியில் மிளகைப் பறித்து விற்கிறார், திருட்டு வழக்குப் போடுங்கள் என்றார். விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பூ விடும் சமயத்தில் வாங்கிய பணம் அது. காய் முற்றும்போது விலை ஏறிவிட்டது. அரிசி வாங்க இரண்டு மரத்தில் பறித்தேன் என்றார். “எம் மரந்தானுங்களே” என்று ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொண்டார். இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று வியாபாரிக்கு மனு ரசீது கொடுத்து அனுப்பினோம். அவர் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த வட்டிக் கணக்கைக் கோர்ட் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதிலிருந்து ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். மலையில் தானாக ஸ்டேஷன் வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு காகிதம் இருக்கும். பத்திரமோ பில்லோ கடிதமோ ஏதோ ஒன்று. காகிதம் இல்லாதவர் வருவதில்லை. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான் என்றாலும் படியேறுகிறவர் சொல்வதைத்தான் முதலில் கேட்கிறோம். முதலில் கேட்ட கதை மனசில் உட்கார்ந்துவிடும். அதனால் மலைக் காவலர், வந்தவர் சொன்னதை எழுதும்போதே வராதவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசிக்க வேண்டும்.

மிளகு பறிப்பு ஆபத்தான வேலை. ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செதுக்கிய ஏணியைச் சாய்த்து நெடுமரத்தில் ஏறுவார்கள். ஒரு பறிப்பில் ஒருவர் விழுந்து இறந்துபோனார். தகவல் ஸ்டேஷனுக்கு வரவில்லை. பால்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்குக் குழி வெட்டியாகிவிட்டது. மேஸ்திரி செலவுக்குப் பணம் கொடுத்திருந்தார். உடலை அறுப்பார்கள் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பயம். தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போனது போச்சுங்க சாமி, முழுசா மண்ணுக்குப் போகட்டும்” என்றார்.

இப்படிப்பட்ட சாவை விசாரிக்கச் சொல்லும் 174ஆம் பிரிவை அவரிடம் விளக்கிப் பயனில்லை. அவருடைய மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலையில் இறந்தவருக்கு இழப்பீடு கொடுக்க 1923லிருந்தே சட்டம் இருக்கிறது. நாளைக்கு நீ கேட்கும்போது, அவர் மரத்திலிருந்து விழவில்லை, காய்ச்சலில் போனார் என்று சொல்லிவிடுவார்கள். அப்போது உன் கையில் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இருந்தால்தான் பேச முடியும் என்றேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்தப் பெண் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்துவிட்டு, “எழுதுங்க” என்றது. டோலி கட்டித்தான் உடலைச் சாலைக்குக் கொண்டுவந்தோம். இழப்பீடு வர வருஷங்கள் ஆயின. ஆனாலும் வந்தது. போலீஸ் எழுதும் காகிதம் தண்டனை வாங்கித் தருவதைவிட இப்படி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

யாரும் புகார் தராமலே பதிவேடு நிரம்பிய வழக்கு ஒன்று உண்டு. அது சாராயம். நாட்டிலேயே முன்னோடியாக ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. அதன் பிறகு தமிழ்நாட்டில் 1971இல் கடை திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஓடைக்கரையில் வெல்லமும் பட்டையும் போட்ட ஊறல் பானை புதைந்துதான் கிடந்தது. மண்ணைக் குச்சியால் குத்திக்கொண்டே போக வேண்டும். புளித்த வாடை வரும் இடத்தில் தோண்டினால் பானை இருக்கும். உடைத்துக் கொட்டிவிட்டு வழக்கு எழுத வேண்டியதுதான்.

இந்த வழக்கில் காவலரே புகார்தாரர், காவலரே சாட்சி. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் சாராய வழக்கைத் தேடிக் கிளம்புவது எல்லா ஊரிலும் நடந்த கதை. வருஷ முடிவில் பதிவேட்டைப் புரட்டினால் மலைக்காரர்கள் எல்லோரும் சாராயம் காய்ச்சுகிறவர்கள், வேறு குற்றமே இங்கே கிடையாது என்று தோன்றும். அந்த எண்களில் தெரிந்தது, எங்களுக்கு எது சுலபமாகக் கிடைத்தது என்பது மட்டும்தான்.

சுற்றுலாக்காரர்கள் வேறு வகை. மே மாதம் மலைப்பாதையில் வண்டி வண்டியாக ஏறுவார்கள். ஏறும்போது பார்த்து ஓட்டுகிறவர்கள் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். நாலு வளைவுக்குள் பிரேக் காய்ந்து புகை வரும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, ஏறுகிற வண்டிக்கு வழி விடு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். பாக்சைட் ஏற்றி இறங்கிய அந்த லாரிக்காரர்களை எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் வளைவில் ஒழுங்காக ஹாரன் அடித்தவர்களும் அவர்கள்தான். இடித்துக்கொண்ட சுற்றுலாக்காரர்கள் பத்து நிமிஷம் சண்டை போட்டுவிட்டு, கேஸ் வேண்டாம், ஊருக்குப் போக வேண்டும் என்று பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். சமாதானமாகப் போனவர்களில் சிலர் அப்புறம் காப்பீட்டுக்கு அறிக்கை கேட்டு வருவார்கள். எழுதாத அறிக்கையை எங்கிருந்து தருவது?

லாட்ஜ்களில் நடக்கும் மரணங்களைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் மலையேறி வந்த இளவயதுப் பிள்ளைகள்தான் அதிகம். அறையைப் பூட்டி வைத்துவிட்டு, சமவெளியிலிருந்து பெற்றோர் வந்து சேரும் வரை வராந்தாவில் காத்திருக்கும் நேரம்தான் இந்த உத்தியோகத்தில் கொடுமையானது. லாட்ஜ் பையன்களிடம் நான் சொல்லி வைத்திருந்தேன்: சாப்பாடு கேட்காமல் ஒரு பகல் முழுக்கக் கதவு சாத்தியிருந்தால் கதவைத் தட்டு, திறக்காவிட்டால் ஸ்டேஷனுக்கு ஓடி வா. அப்படி நேரத்தில் கதவைத் திறந்து பிழைத்தவர்கள் உண்டு. அவர்களை உட்கார வைத்துச் சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டு நம்பரைக் கேட்டு வாங்குவது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வேலை.

ஊர்க்கூட்டத்தைப் பற்றி மரியாதையாகவே சொன்னேன். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் உட்காருகிறவர்கள் ஆண்கள். வேலித் தகராறில் அவர்கள் தீர்ப்பு நேராக இருக்கும். புருஷன் அடித்த விஷயத்தில் அபராதத்தோடு சேர்த்து அனுப்பி வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1973இலேயே பெண்களை எடுத்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. மலைப் பெண்ணுக்கு அதெல்லாம் எட்டாத தூரம். ஆண்கள் மட்டும் இருந்த ஸ்டேஷனில் ஒரு பெண் என்னத்தைச் சொல்லுவாள்?

என் பிற்காலத்தில் எங்களோடு பெண் காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். சந்தை நாளில் அவர்களை வாசலில் உட்காரச் சொன்னோம். முதலில் ரேஷன் கார்டு, உதவித்தொகை என்று விசாரிக்க வந்தார்கள். பிறகு மெல்ல மற்றது வந்தது. 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்த பின் பதினெட்டு வயது நிரம்பாத கர்ப்பிணி வந்தால் ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. முதன்முறையாக யாரும் படியேறாமலே சிறுவயதுக் கல்யாண விஷயத்தில் புகார் வந்தது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் சில குடும்பங்கள் ஒதுங்கின. கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்குப் போய்ப் பேசினால்தான் அந்தச் சட்டத்தால் பலன்.

இப்போது மலைப்பாதையில் கேமரா இருக்கிறது. வயர்லெஸ் மைக் முன்னால் காது வைத்துக் காத்திருந்த காலம் போய் எல்லோர் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்டது. முதல் தகவல் அறிக்கை கம்ப்யூட்டரில் ஏறுகிறது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கைது செய்தால் குறிப்பு எழுதி வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ‘விசாரணைக்கு’ என்று அழைத்துப் போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் குடும்பம் அலைந்த காலத்தையும் பார்த்தவன் என்ற முறையில், இதை நல்ல மாற்றம் என்று தயங்காமல் சொல்வேன்.

குறைந்துபோனது நடைதான். எல்லா ஊருக்கும் சாலை போய்விட்டது. ஜீப் போகிறது, நிற்காமல் திரும்புகிறது. சம்மன் வாட்ஸ்அப்பில் போகிறது. காவலர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிவிடுகிறார்கள். எந்த ஊரில் யார் மூப்பன் என்று தெரிவதற்குள் மாற்றல் வந்துவிடும். கேமரா, சாலையில் இறங்கும் திருடனைக் காட்டும். பத்து நாளாகத் தண்ணீருக்கு வராத பெண்ணை அது காட்டாது. மலை ஸ்டேஷன்களில் ஓரிருவரையாவது நெடுங்காலம் விட்டு வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் அவர்கள் நடந்துபோய் உட்கார்ந்து வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகார் கொடுத்தால் ரசீது கேளுங்கள். பிடித்து உள்ளே தள்ளக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். போனிலோ கம்ப்யூட்டரிலோ அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டியது காவலரின் கடமை. கையில் காகிதம் இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்கத்தான் ஸ்டேஷன் இருக்கிறது.